முன்மொழிந்தவரின் முதுகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வள்ளியின் முழங்கையை மடக்கிக்கொண்டிருந்தபோது லூர்துசெல்வியின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மடக்கினால் வள்ளி கத்துவாள். கத்துவதற்கு ஒரு நூலிழை முன்னால் நிறுத்தி, அங்கேயே வைத்துப் பத்து எண்ண வேண்டும். அந்த இடம் எதுவென்று புத்தகத்தில் கிடையாது. கண்ணுக்கும் தெரியாது. வள்ளிக்கே தெரியாது. பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக லூர்துசெல்வி சாப்பிடுவது அந்த ஒரு அறிவை வைத்துத்தான்.

"டாக்டரம்மா, போனுங்க."

"அடிக்கட்டும். ஏழு… எட்டு…"

வள்ளி நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மாசி மாதம் எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறி, சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவள். உடைந்த கைக்கு மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் மாவும் பூசி, நாற்பத்தெட்டு நாள் கட்டி வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது. கூடவே முழங்கையும் பூட்டிக்கொண்டது. சோற்றுக் கை அது. தட்டிலிருந்து பாதி தூரம் வந்து நின்றுவிடும். மீதி தூரத்துக்கு வள்ளி தலையைக் கொண்டுபோவாள். லூர்துசெல்வி கையை விட்டதும் இப்போதும் அதைத்தான் செய்தாள். விரல்களைக் குவித்துத் தூக்கினாள், பாதியில் நின்றது, கழுத்து தானாகக் குனிந்து வந்தது.

"தலை வரக்கூடாது வள்ளி. கைதான் மேல போவோணும்."

"பசி எடுத்தா தலதானுங்க மொதல்ல போவுது."

லூர்துசெல்வி கோணமானியை வைத்துப் பார்த்தாள். நூற்றைந்து. இன்னும் இருபத்தைந்து டிகிரி கிடைத்தால் சோறு வாய்க்குப் போய்விடும். மூன்றே வாரத்தில் அந்தக் கட்டை அவிழ்த்து, தினமும் கொஞ்சம் மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் நாகலூரில் இருந்திருந்தால் இந்த இருபத்தைந்துக்கு இப்படிக் கிடந்து அழ வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆள், வாரத்தில் ஒரே ஒரு நாள்.

போன் மறுபடியும் அடித்தது. சந்திரசேகர். மண்டல இயன்முறை மருத்துவர் சங்கத்தின் தலைவர். சேலத்தில் மூன்று கிளினிக், ஒன்பது வருஷமாக அதே நாற்காலி.

"செல்வி மேடம்! அஞ்சாவது வளைவுல இருக்கோமுங்க. வண்டில ரெண்டு பேரு வாந்தி. எலுமிச்சம்பழம் வாங்கி வெச்சிருங்க. பிரியாணில காரம் கம்மியாப் போடச் சொல்லுங்க, எனக்கு அல்சருங்க. நம்ம ஊட்டுக் கல்யாணமாட்டம் பாத்துக்குவீங்க, எனக்குத் தெரியும்."

"சாருங்க, தேர்தல் எத்தன மணிக்குங்க?"

அந்தப் பக்கம் ஒரு நொடி இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. வளைவில் திரும்பும் சத்தம்.

"தேர்தல்ங்களா? அது அஞ்சு நிமிச வேலைங்க மேடம். பதினொன்றரைன்னு போட்டிருக்குது. நீங்க மொதல்ல சமையக்காரனப் போயிப் பாருங்க."

அவள் போனை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கோணமானி சறுக்கிக் கீழே விழுந்தது. வள்ளி குனிந்து, நல்ல கையால் அதை எடுத்துக் கொடுத்தாள்.

"கோவமாட்டம் இருக்குதுங்க."

"உனக்கு ரிசார்ட்ல எத்தன மணிக்கு வேல?"

"ஒம்பதுக்குங்க. வெங்காயம் உரிக்கோணும். உங்க சங்கத்துக்குத்தானுங்களாமா?"

"ஆமா," என்றாள் லூர்துசெல்வி. "என்ற சங்கத்துக்குத்தான்."

*

மூன்று மாதத்துக்கு முன்னால் சந்திரசேகர் அவளைக் கூப்பிட்டு, இந்த வருஷப் பொதுக்கூட்டம் ஏற்காட்டில் என்று சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். அதுதான் அவளுக்கு இப்போது அடங்காத எரிச்சல். மலைக்கு வருகிறார்கள், மலையைப் பார்ப்பார்கள், தான் எழுதிக் கொடுத்திருந்த கோப்பு பற்றிப் பேச்சு வரும் என்று நினைத்தாள். பேச்சு வந்தது. ரிசார்ட் வாடகை, அறைகள், நெருப்பு மூட்டிக் குளிர்காய இடம் உண்டா, படகுச் சவாரிக்குக் கூட்டம் இருக்குமா. "ஊர்க்காரங்க நீங்கதான் மேடம்" என்று எல்லாவற்றையும் அவள் தலையில் வைத்தார்கள். அவளும் ஒண்டிக்கடை முக்குக்கும் ரிசார்ட்டுக்கும் ஸ்கூட்டரில் அலைந்தாள். யாரையும் வரவேற்காமல் விட அவளை வளர்த்தவர்கள் சொல்லித்தரவில்லை. எஸ்டேட் ரைட்டர் மகள் அவள். துரை வந்தாலும் பொட்டலம் விற்பவன் வந்தாலும் காபி கொடுத்த வீடு.

அந்தக் கோப்பு எட்டுப் பக்கம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து எழுதியது. சங்கத்தில் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு வருஷத்தில் இரண்டே இரண்டு நாள் கொடுத்தால் போதும், நாகலூர், வெள்ளக்கடை உட்பட நான்கு மலைக்கிராமங்களுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பிசியோ போய்வர முடியும். உட்கார ஒரு அறை வேண்டும். அந்த அறையைக் கேட்டு அரசாங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தில் சங்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். சந்திரசேகர் அன்றைக்கு அதைப் படித்துவிட்டு, "அருமைங்க மேடம், அடுத்த கூட்டத்துல எடுத்துருவோம்" என்றார். பிறகு ஐந்து அடுத்த கூட்டங்கள் வந்து போயின. ஒவ்வொன்றிலும் "அருமை" மட்டும் கிடைத்தது. போன வருஷம் எழுந்து நின்று கேட்டபோது, "மேடத்துக்கு மலை மேல பாசம்" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவள் இருபது வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறவரிடம் இனிக் கேட்டுப் பயனில்லை, கையெழுத்துப் போடுகிற இடத்தில் தானே போய் உட்கார வேண்டும் என்று இருபதாவது வளைவில் முடிவு செய்தாள்.

கணவன் ஜெப்சன், "அந்தாளு ஒம்பது வருசமா ஜெயிக்கல செல்வி, ஒம்பது வருசமா யாரும் நிக்கல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது" என்றான். ஜீப் ஓட்டுகிறவன் சொல்வதில் சில நேரம் நல்ல தெளிவு இருக்கும்.

நிற்பதற்கு, முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். வழிமொழிய சுஜாதா உடனே வந்தாள். சேலத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் வாயாடி, எதற்கும் பயப்படாதவள். முன்மொழிகிறவர் பதினைந்து வருஷம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று விதி. அப்படிப்பட்டவர்களில் லூர்துசெல்வி உரிமையோடு கேட்கக்கூடியவர் ஞானசுந்தரம் அண்ணன் ஒருவர்தான்.

ஞானசுந்தரத்துக்கு வயது அறுபது. சேலத்தில் முப்பது வருஷமாக ஊருக்கே முதுகு சரி செய்தவர், கல்லூரியில் அவளுக்கும் பாடம் எடுத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முதுகே போய்விட்டது. அதை சேலத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. "முதுகு டாக்டருக்கே முதுகு போச்சுன்னா எவன் கண்ணு வருவான்?" என்று, மாதம் ஒரு முறை பஸ் ஏறி மலைக்கு வந்து, லூர்துசெல்வியின் வைத்தியக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வார். அவர் முதுகு அவளுக்கு நாகலூர் ரோடு மாதிரி மனப்பாடம். வலி எப்போதும் இடப்பக்கம். இடப்பக்கத் தசை கயிறு மாதிரி முறுக்கேறி நிற்கும். அந்த வலியிலிருந்து தப்ப உடம்பு வலப்பக்கமாகச் சாயும். அவர் கிளினிக் படியேறி வரும்போது, வாசல் கண்ணாடியில் முதலில் அந்தச் சாய்வுதான் தெரியும். ஆள் அப்புறம்தான் தெரிவார். ஜெப்சனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

வேட்புமனுவில் அவர் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கட்டிலில்தான். முகம் வைக்கும் துளைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுப் படிவத்தை வைத்தாள். தலையைத் தொங்கவிட்டபடியே எழுதினார்.

"கையெழுத்து ஆடுதே கண்ணு. எலக்சன் ஆபீசர் செல்லாதுன்னுருவாரு."

"முதுகு நிமிந்தா கையெழுத்தும் நிமிருமுங்கண்ணா."

கட்டில் குலுங்கச் சிரித்தார். "போனவருசம் படிச்சு முடிச்ச எம்பொண்ணு ஆஷ்லின் சும்மாதான் உக்காந்திருக்கா. நீ தலைவரானா உன்ற மலைக்கு மொத ஆளா அவள அனுப்பறேன் பாரு" என்றார்.

*

பதினொரு மணிக்கு ரிசார்ட் ஹாலில் எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஜூன் மாத ஏற்காட்டுக்கு அந்த ஸ்வெட்டர் தேவையில்லை; போட்டோவுக்குத் தேவை. ஜன்னலுக்கு வெளியே பனி வந்து காபிச் செடிகள் மேல் உட்கார்ந்திருந்தது, பஸ் வராத ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. லூர்துசெல்வி மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் முழுசாக எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. பால் பற்றவில்லை, ஒரு அறையில் வெந்நீர் வரவில்லை, ஒருத்தருக்குச் செருப்பு அறுந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "செல்வி மேடத்தக் கேளுங்க."

சந்திரசேகர் மேடையில் பேசினார். முடிவில், "இந்த விழாவ இவ்வளவு சிறப்பா நடத்திக் குடுத்த நம்ம வீட்டு மகாலட்சுமி, லூர்துசெல்வி மேடத்த மேடைக்கு அழைக்கிறேனுங்க" என்றார். அவள் போனாள். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். தேர்தலில் தன்னை எதிர்த்து நிற்பவளுக்கு விருந்தோம்பலுக்காகப் பொன்னாடை போர்த்தும்போது சந்திரசேகரின் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் உண்மையாகவே அவளை அப்படித்தான் பார்த்தார். நல்ல சாப்பாடு போடுகிற பெண், கொஞ்சம் அவசரப்பட்டு ஒரு படிவத்தை நிரப்பிவிட்டாள். அவ்வளவுதான்.

இறங்கி வந்ததும் சுஜாதா காதருகே சொன்னாள். "சமையக்கட்டுக்குப் போறதுக்கு யூனிஃபார்ம் குடுத்துட்டாங்களாட்டம் இருக்குது."

லூர்துசெல்வி பொன்னாடையை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"முப்பத்தெட்டு பொம்பளைங்க இருக்கோம்," என்றாள் சுஜாதா. "எண்ணிட்டேன். எல்லாத்துகிட்டயும் பேசியாச்சு. ரெண்டு பேரு மட்டும் ஊட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்னாங்க, அதுங்கள உடுங்க. பேரக் கூப்புட்டதும் ஞானசுந்தரம் சார் எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லட்டும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைதான் விதி. தேர்தல் அதிகாரி வேட்பாளர் பெயரைப் படித்ததும், முன்மொழிந்தவர் சபையில் எழுந்து நின்று "முன்மொழிகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் அவர் எழவில்லை என்றால் மனு தள்ளுபடி. ஓய்வு பெற்ற வெங்கடாசலம் ஐயாதான் தேர்தல் அதிகாரி. விதிப்புத்தகத்தில் இருப்பது அவருக்கு வேதம். அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை.

ஞானசுந்தரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலையில் வணக்கம் சொன்னபோது அவள் கண்ணைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வளைவு ஏறிய மயக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பதினொன்று இருபதுக்கு மறுபடி பார்த்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது.

செயலாளர் யுவராஜ் வேகமாக வந்து குனிந்தான். "மேடம், ஞானசுந்தரம் சாருக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க. ஆபீஸ் ரூம்ல படுத்திருக்காரு. உங்களத்தான் கூப்புடறாரு. வேற யாரும் தொடக்கூடாதுங்கறாரு."

எழுபது பிசியோ இருக்கிற ஹாலில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவளைத்தான் கூப்பிடுகிறார். ஏன் என்று அவளுக்கு மட்டும் தெரியும். எழுந்தாள். சுஜாதா புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் பத்து நிமிசந்தானுங்க!"

"அவரு எந்திரிச்சாத்தானே என்ற பேரே நிக்கும். கூட்டியாந்துர்றேன்."

*

ரிசார்ட் ஆபீஸ் அறையில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஞானசுந்தரம் ஒருக்களித்துக் கிடந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். "அம்மா… அம்மா…" என்று சீராக முனகினார்.

"அண்ணா, எந்தப் பக்கங்க?"

"இடுப்பு கண்ணு, இடுப்பு… அசைய முடியல."

"மெதுவா. என்ற தோளப் புடிச்சு எந்திரிங்க. நின்னு பாக்கலாம்."

எழுந்து நின்றார். முகத்தைச் சுளித்தார், மூச்சைப் பிடித்தார், ஒரு கையை இடுப்பில் ஊன்றினார், உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்தார்.

இடப்பக்கம்.

லூர்துசெல்விக்கு முதலில் புரியவில்லை. தெரிந்த வீட்டுக்குள் நுழைந்து, கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது மாதிரி நின்றாள். இரண்டு வருஷமாக, இருபத்துநாலு தடவை, இந்த உடம்பு வலப்பக்கம்தான் சாய்ந்தது. அவள் சட்டைக்கு மேலேயே கையை வைத்தாள். இடப்பக்கத் தசை. வலப்பக்கத் தசை. இரண்டும் தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி மெத்தென்று இருந்தன. விரல் உள்ளே போனது. கயிறு இல்லை, முறுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை. நல்ல முதுகு. அவள் சரி செய்த முதுகு.

அப்போது அவளுக்கு அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. முப்பது வருஷமாக வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால் நின்று, இப்படித்தான் நோயாளி நிற்பான் என்று மாணவர்களுக்கு அவர் நடித்துக் காட்டும் சாய்வு அது. பாடச் சாய்வு. சொந்த வலி எந்தப் பக்கம் என்பதை மறந்துவிட்டு, பாடத்தைச் செய்துகொண்டிருந்தார்.

அவள் கையை எடுத்தாள்.

"அண்ணா."

முனகல் நின்றது.

"உங்க வலி இடப்பக்கமுங்க. நீங்க சாயறது வலப்பக்கம். மறந்துட்டீங்க."

ஞானசுந்தரம் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து நின்றார். நிமிர்ந்ததும் அவர் இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"போன வாரம் ஆஷ்லினுக்கு வேல கெடச்சுது கண்ணு. சந்திரசேகர் கிளினிக்ல. அவரே கூப்புட்டுக் குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல. 'மலையில நாம ஒத்துமையா இருக்கோணுமுங்க சார்'னு மட்டும் சொன்னாரு. நான் உனக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். மூணு தடவ எடுத்தேன். வாய் வரல."

"வாய் வரலேன்னு முதுக வெச்சுச் சொன்னீங்களா?"

அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்றகிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமுங்கண்ணா. மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம். வேற ஆளத் தேடியிருப்பேன். இல்ல, பேசாம உக்காந்திருந்தாக்கூட சரி, ஊரே பாத்திருக்கும். எனக்கு வைத்தியம் பாக்கற கையி இருக்குது, கூப்புட்டா ஓடி வருவேன்னு தெரிஞ்சு, அதயே வெச்சு என்னய வெளிய கூட்டியாந்தீங்க பாருங்க." அவள் குரல் உடைந்தது. அழுகையில் அல்ல. கத்தக் கூடாது என்று அடக்கியதில். "இந்தக் கையி உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலில் கைதட்டல் கேட்டது. நீண்ட கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள்.

ஜன்னல் வழியே சமையல் கொட்டகை தெரிந்தது. வள்ளி வெங்காயக் கூடையை நல்ல கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஒரு வடையை வாய்க்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தாள். பாதியில் நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. தலையைக் குனிந்தாள்.

லூர்துசெல்விக்குள் எதுவோ குளிர்ந்து கெட்டியானது. கோபம் சூடாக இருக்கும்வரை அது தன்னைத்தான் சுடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நடங்க," என்றாள்.

"எங்க?"

"ஹாலுக்கு."

"செல்வி, வேண்டாஞ்சாமி. நீ போயி எல்லாத்தயும் சொல்லீட்டீன்னா நான்…"

"நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். என்ற கட்டில்ல படுத்தவங்க சங்கதிய நான் எங்கயும் சொன்னதில்ல, உங்களுக்காக அதக் கெடுத்துக்க மாட்டேன். நீங்க நடந்தாப் போதும். உள்ள எழுவது பேரு இருக்காங்க. எல்லாமே நடையப் பாத்துச் சோறு திங்கறவங்க."

*

ஹாலுக்குள் நுழைந்தபோது, ஞானசுந்தரத்தை மூன்று முறை கூப்பிட்டு முடித்து, சந்திரசேகர் கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். சுஜாதா நாற்காலி மேல் ஏறாத குறையாக நின்று கத்திக்கொண்டிருந்தாள். "மினிட்ஸ் புக்குல இன்னும் எழுதலைங்க! எழுதறதுக்கு முன்னாடி மால போட்டா அதுக்குப் பேரு எலக்சன் இல்லைங்க, காதுகுத்து!"

வெங்கடாசலம் ஐயா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, விதிப்புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

ஞானசுந்தரம் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். நிமிர்ந்து நடந்தால் ஏன் வெளியே போனார் என்று கேட்பார்கள். அதனால் மறுபடியும், பதற்றத்தில் பழைய பாடப்படியே, சாய்ந்தார். இடப்பக்கம். லூர்துசெல்வி அவருக்குப் பின்னால், ஒரு எட்டு தள்ளி வந்தாள். ஹால் அமைதியானது. எழுபது பேரின் கண்ணும் அவர் முகத்தில் இல்லை. இடுப்பில், முழங்காலில், பாதத்தில் இருந்தன. அது அவர்கள் விரும்பிச் செய்ததல்ல. கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வந்தாலும் அவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அடியைச் சமமாக வைக்கிறார், வலிக்கிற காலில் தயக்கமே இல்லை, கை வீச்சு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வரிசையாக அவர் தாண்டத் தாண்ட, அந்த வரிசையில் ஒரு புருவம் உயர்ந்தது, ஒரு தோள் பக்கத்துத் தோளை இடித்தது. சந்திரசேகர் மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்காவது வரிசையில் ஆஷ்லின் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். போன வருஷம் படித்து முடித்தவள். பாடம் இன்னும் மறக்கவில்லை. பார்த்துவிட்டு மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞானசுந்தரம் நின்றார். அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பிறகு, மிக மெதுவாக, அவர் வலப்பக்கம் சாய்ந்தார்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, சைடு மாறிப்போச்சுங்களே!"

ஹால் வெடித்தது. ஆண்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து "ச்சீ" என்று யாரோ சொன்னார்கள். "நடிப்புக்கு ஒரு பொன்னாடை போத்துங்கப்பா!" யுவராஜ் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான். சிரிப்புக்கு நடுவே சுஜாதாவின் குரல் ஏறியது. "மறுபடியும் பேரக் கூப்புடுங்கய்யா! முன்மொழிஞ்சவரு இதோ நிக்கறாரு, நீங்களே பாருங்க!" முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஊட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்களில் ஒருத்தியும் எழுந்தாள்.

வெங்கடாசலம் ஐயா விதிப்புத்தகத்தை மூடினார். "பதிவு பண்ணற வரைக்கும் கூப்புடலாம்னுதான் இருக்குது," என்றார் நிதானமாக. பேனாவை மூடி வைத்துவிட்டு, வேட்புமனுவை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "லூர்துசெல்வி. முன்மொழிந்தவர் ஞானசுந்தரம். ஒரு தடவை."

லூர்துசெல்வி சிரிக்கவில்லை. அவள் ஞானசுந்தரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைக்குள், முதுகெலும்பின் இடப்பக்கம், ஒரு கயிறு எழும்பி நின்றது. அது மேலே மேலே முறுக்கேறுவது துணிக்கு வெளியே தெரிந்தது. காதோரம் வேர்வை இறங்கியது. அவர் இரண்டு கையாலும் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. எழுபது பேரும் பார்த்தார்கள், எழுபது பேரும் தப்பாகப் படித்தார்கள். பக்கம் மாறியது நடிப்பில் அல்ல. நடிப்பு நான்காவது வரிசையிலேயே முடிந்துவிட்டது. இது நிஜம்.

"கண்ணு," என்றார் அவர், உதடு அசையாமல். "இது நெசம்."

"தெரியுதுங்கண்ணா."

"கீழ உழுந்துருவேன்."

"இரண்டாவது தடவை," என்றார் வெங்கடாசலம் ஐயா.

அவளை அறியாமலேயே அவள் கை அவர் இடுப்புக்குப் போயிருந்தது. விழுகிற நோயாளியைத் தாங்க வைக்கிற கை. அது அவர் சட்டைக்கு ஒரு அங்குலம் தள்ளி, தொடாமல், அந்தரத்தில் நின்றது. தொட்டால் அவர் சாய்ந்துவிடுவார், அவள் தாங்கிக்கொள்வாள், தரையில் படுக்க வைப்பாள், எல்லாம் அதோடு முடிந்துவிடும். ஒரு வார்த்தை. ஐந்து வருஷம், எட்டுப் பக்கம், இருபத்தைந்து டிகிரி, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அவர் உடம்பில் எவ்வளவு தாங்கும், எங்கே கத்துவார், அதற்கு ஒரு நூலிழை முன்னால் எது என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு கைக்குத்தான் தெரியும்.

கதவோரத்தில், சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த வள்ளி எலுமிச்சை ஜூஸ் தட்டோடு நின்றிருந்தாள்.

ஞானசுந்தரம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சட்டைக்குள் அந்தக் கயிறு இன்னும் ஒரு முறுக்கு ஏறியது.

லூர்துசெல்வி கையை ஒரு அங்குலத் தூரத்திலேயே வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.